கப்ளருக்கு முன் ஏழு பக்கம்

பூந்தமல்லி மெக்கானிக் ஏகாம்பரம் அண்ணனுக்குத் தேவைப்பட்டது, ஜாரை மோட்டாரோடு இணைக்கும் பல் சக்கரமான மிக்ஸி கப்ளர் ஒன்றே ஒன்று. அதை அவர் சென்றடையும் வழியில் நான் ஏழு பக்கங்களை நிறுத்தி வைத்திருந்தேன்.

நேவிகேஷன் மாடல் வரையும் வேலைக்குப் புதிதாக வருவோருக்காக இதை எழுதுகிறேன். இத்துறையில் எனக்கு மூன்றாண்டு அனுபவமே உண்டு. எனினும், ஒரே முற்பகலில் இத்தனை பிழைகளை ஒருங்கே செய்தவர் எங்கள் அலுவலகத்தில் வேறெவரும் இலர். ஆகவே பேசும் தகுதி எனக்கு உண்டு.

1. படம் வரைந்தது

அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு லேத் பட்டறையின் மாடியில் எங்கள் அலுவலகம். இணையதளங்களை நாங்கள் பக்கம் பக்கமாக நிரல் எழுதி உருவாக்குவதில்லை, படம் வரைவோம். என்னென்ன தகவல் உண்டு என்பது முதல் படம். எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குப் போகலாம் என்பது இரண்டாவது. அதற்கே நேவிகேஷன் மாடல் என்று பெயர். பக்கம் பார்வைக்கு எப்படி இருக்கும் என்பது மூன்றாவது. மூன்றையும் முடித்துப் பட்டனை அழுத்தினால், ஜெனரேட்டர் என்னும் மென்பொருள் முழுத் தளத்தையும் ஆக்கித் தந்துவிடும். அது எதிர்க்கேள்வி கேட்பதில்லை. மாடலில் நீங்கள் ஒரு மடமையைச் செய்தால், அதையும் எழுத்துப் பிசகாமல் எல்லாப் பக்கங்களிலும் நிறைவேற்றும்.

என் முதல் வேலை, இரண்டு தெரு தள்ளியிருந்த மிக்ஸி, கிரைண்டர் உதிரிபாக மொத்த வியாபாரிக்கு ஒரு தளம். எங்கள் டீம் லீட் ரேவதி மேடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "இத அவங்க ஏத்துக்கிட்டா உன்ன கன்ஃபர்ம் பண்றேன். இல்லன்னா இன்னும் ஆறு மாசம் டிரெய்னிதான்." நானோ, பணி நிரந்தரமாகிவிட்டதென்று ஆவடியில் எங்கள் அபார்ட்மென்ட் முழுவதும் அறிவித்து, கேசரியும் வழங்கி முடித்திருந்தேன்.

கல்லூரிக் காலம் முழுதும் மேடைகளில் சொற்போர் புரிந்தவன் நான். எடுத்தவுடன் விடையை நீட்டுவது அவைக்கு இழுக்கு என்று பயின்றவன். எனவே நேவிகேஷன் மாடலை இவ்வாறு வரைந்தேன்: வணக்கம், அவையடக்கம், நிறுவன வரலாறு, மிக்ஸியின் இன்றியமையாமை, எதிர்வாதம், மறுப்பு, தொகுப்புரை. அதன் பிறகே பொருட்பட்டியல். ஒரு பக்கத்தை இறுதிவரை படித்தாலன்றி அடுத்த பக்கத்துக்கான லிங்க் திறக்காது என்றும் விதி அமைத்தேன். பின்னால் திரும்பும் லிங்க் வைக்கவில்லை. மேடையில் சொன்ன சொல்லைத் திரும்பப் பெறும் வழக்கம் நமக்கில்லை அல்லவா?

ரேவதி மேடம் படத்தை நெடுநேரம் பார்த்தார். "நாளைக்கு அவங்க ஆபீஸ்லயே டெஸ்ட் பண்ணலாம்" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொற்சுருக்கத்தை நான் வியப்பென்று எடுத்துக்கொண்டேன்.

2. அண்ணன் வந்தது

சோதனைக்கு விதி ஒன்றே: பயன்படுத்துபவர் தடுமாறினாலும் வரைந்தவன் வாய் திறக்கக் கூடாது. கடை முதலாளி, ரேவதி மேடம், நான் மூவரும் வரிசையாக அமர்ந்தோம். அடுத்த மேசையில் பரிமளா அக்கா; அக்கடையில் நெடுங்காலமாகப் போனில் ஆர்டர் எடுப்பவர்.

சோதனைக்கு அழைத்திருந்த கடையின் வாடிக்கையாளர் ஏகாம்பரம் அண்ணன், உடைந்த கப்ளரோடு நேரே வந்துவிட்டார். "சீக்கிரம் முடிங்கப்பா. நசரத்பேட்டைல ஒரு ஊட்டுல தேங்கா துருவி வெச்சிக்கினு குந்திகினு கீறாங்க. நான் போனாதான் சட்னி."

போனில் தளத்தைத் திறந்தார். வணக்கத்தைக் கடந்தார். அவையடக்கத்தில் நின்றார்.

"'எம் பிழை பொறுத்தருள்க'ன்னு போட்டுக்கீது. இன்னா தம்பி, கடை தொறக்கறதுக்கு முன்னாடியே இன்னா தப்பு பண்ணீங்க?"

விதியை மதித்து, சுவரிலிருந்த காலண்டரைப் படித்தேன்.

வரலாற்றையும் மிக்ஸியின் இன்றியமையாமையையும் கட்டைவிரலால் தள்ளித் தள்ளிக் கடந்து, எதிர்வாதத்துக்கு வந்தார். "'அம்மியில் அரைப்பதே சிறந்தது என்பாரும் உளர்.' யாரு மொதலாளி இப்டி சொல்றது? நம்ம கடை சைட்டுலயே வந்து சொல்றான்!"

"அடுத்த பக்கத்துல பதில் இருக்கும் பாருப்பா" என்றார் முதலாளி, சற்றுக் கவலையோடு.

"அடுத்த பக்கம் தொறக்கல மொதலாளி. முழுசா படிச்சாதான் வுடுவேன்னு கீது."

அந்நேரம் அவர் போன் ஒலித்தது. சட்னி வீடு. "தோ வந்துகினே கீறேன்மா" என்று வைத்துவிட்டு, அதே போனில் இன்னோர் எண்ணை அழுத்தினார். அடுத்த மேசையில் மணி அடித்தது.

"சொல்லு ஏகாம்பரம்" என்றார் பரிமளா அக்கா, நாலடி தொலைவிலிருந்து.

"அக்கா, கப்ளர் ஒண்ணு."

"எத்தன பல்லு?"

"ஆறு."

"ஓட்ட ரவுண்டா, சதுரமா?"

"ரவுண்டு."

அக்கா எழுந்து, பின்னாலிருந்த ரேக்கிலிருந்து எடுத்து நீட்டினார். அண்ணன் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டார்.

முதலாளி என்னைப் பார்த்தார். "தம்பி, இது என்ன சைட்டா, செக்போஸ்ட்டா? மூணு மணி வரைக்கும் டைம். அதுக்குள்ள இதுல ஒரே ஒரு ஆர்டர் வரணும். வரலன்னா எனக்கு சைட்டே வேணாம்."

3. அழித்தது

"மேடம், நேத்தே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"நான் சொன்னா நீ மறுப்புரை ஆரம்பிப்ப. ஏகாம்பரம் சொன்னா கேப்ப. போய் அந்தக்கா பக்கத்துல உக்காரு. பேசாத."

அமர்ந்தேன். அடுத்தடுத்து அழைப்புகள் வந்தன. ஒருவரும் நிறுவன வரலாறு கேட்கவில்லை. எல்லோரிடமும் அக்கா கேட்டவை மூன்றே: என்ன சாமான், எத்தனை பல், எந்த வடிவ ஓட்டை. பிளேடு என்றால் பல்லுக்குப் பதில் ஜாரின் அளவு. அக்கா அறியாமலேயே, பிழையற்ற நேவிகேஷன் மாடல் ஒன்றை நாள்தோறும் தம் வாயால் நடத்திக்கொண்டிருந்தார்.

அதையே வரைந்தேன். கேள்விக்கு ஒரு நோடு, அதாவது படத்தில் ஒரு பக்கத்தைக் குறிக்கும் கட்டம். ஒவ்வொன்றிலும் பின்னால் திரும்ப ஒரு லிங்க். பக்கங்களைக் கையால் எழுதியிருந்தால் அன்று என் கதை முடிந்திருக்கும். படத்தை மட்டும் மாற்றினால் போதும் என்பதால் பிழைத்தேன். பட்டனை அழுத்தினேன். ஜெனரேட்டர் ஓர் எச்சரிக்கை தந்தது: 'சென்றடைய வழியற்ற நோடுகள்: 7. நீக்கலாமா?'

"ஆம்னு அழுத்து" என்றார் ரேவதி மேடம்.

"மறுப்பு மட்டுமாவது இருக்கட்டுமே மேடம். நல்ல நடை."

"அழுத்துடா."

அழுத்தினேன். ஏழும் போயின.

புதிய தளத்தின் லிங்க்கை ஏகாம்பரம் அண்ணனுக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். மணி இரண்டரை. இரண்டே முக்கால். மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் அக்காவின் போன் அடித்தது. ஏகாம்பரம் அண்ணன்தான். இன்னும் ஆறு மாதம் டிரெய்னி என்று மனத்தளவில் கையெழுத்திட்டேன்.

அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, அந்த ஊட்டு ஜாருல பிளேடும் போயிட்ச்சு. சைட்டுல ஆர்டர் போட்டேன். வந்துச்சா?"

திரையைப் பார்த்தோம். வந்திருந்தது, பிளேடு ஒன்று, சரியான அளவு.

"அதான் சைட்டுலயே போட்டுட்டியே, அப்புறம் எதுக்குப்பா போனு?" என்றார் முதலாளி.

"அக்கா கொரல் கேக்காம சாமான் வாங்குனா களவாண்ட மாதிரி கீது மொதலாளி."

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். "எடுத்துக்கிறேன்மா" என்றார் ரேவதி மேடத்திடம். மேடம் என்னைப் பார்த்து, "திங்கக்கிழமை வந்து லெட்டர் வாங்கிக்கோ" என்றார். நன்றியுரை ஆற்ற எழுந்தேன். கையசைத்து உட்கார வைத்துவிட்டார்.

நான் கற்றது இது. தளத்துக்கு வருபவர் அவையோர் அல்லர். கையில் உடைந்த பொருளோடு நிற்பவர். அவருக்கான வழி நம் தலையில் இல்லை. அவர் கேள்விகளில் இருக்கிறது. ஆகவே இன்று எந்த வாடிக்கையாளரிடமும் நான் முதலில் கேட்பது ஒன்றே: "உங்க ஆபீஸ்ல போன் எடுக்கிறது யாரு?" அவருக்குப் பக்கத்தில் அரை நாள் வாய் திறவாமல் அமர்ந்த பிறகே முதல் நோடை வரைகிறேன். வாய் திறவாமல் என்பதுதான் கடினம், ஆயினும் முயல்க.