தேக்கு பீரோ வந்த காரணம்

பழைய சாமான்களாகப் பார்த்து ஏன் வாங்குகிறாய் என்று கேட்டால், லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி ஆளுக்கொரு காரணம் சொல்வாள். பக்கத்து வீட்டுக்காரியிடம், "இப்ப வர்ற பலகையெல்லாம் தண்ணி பட்டா ஊதிடும். பழைய தேக்கு பேரன் பேத்தி காலம்வரைக்கும் நிக்கும்" என்பாள். தங்கையிடம், "வித்தாலும் நஷ்டமில்லடி" என்பாள். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கூட வேலை பார்ப்பவர்களிடம், வீட்டுக்கு ஒரு களை வேண்டாமா என்பாள். எல்லாம் நல்ல காரணங்கள்தான். ஒன்றுகூட அவளுடையதில்லை.

அவளுடைய காரணம் அவள் புருஷன். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்த மனுஷர். புது வீட்டுக்குத் திரைச்சீலை மாட்டி முடிப்பதற்குள் அடுத்த வீடு தேட ஆரம்பித்துவிடுவார். இங்கே சத்தம், அங்கே காற்றில்லை, இன்னோரிடத்தில் தண்ணீர் உப்பு. இக்கரைக்கு அக்கரை பச்சை. கல்யாணமான நாள்முதல் அவருடைய சட்டைகள் சூட்கேஸிலேயே குடியிருந்தன. பூனை குட்டியைத் தூக்கித் திரிவதுபோல் மகளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்ததில், அந்தப் பெண் புதுப் பள்ளிகளில் யாரோடும் பேசுவதையே விட்டுவிட்டாள். "எப்படியும் போயிடுவோமேம்மா" என்றாள் ஒருநாள்.

அதன்பிறகுதான் கல் பதித்த மேசை வந்தது. இரும்புக் கட்டில் வந்தது. கடைசியில், அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், பழைய சாமான் கடைக்காரரின் ஆட்கள் ஆள் உயரத்தைத் தாண்டிய தேக்கு பீரோவைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனார்கள். தோள் கொடுத்துத் தள்ளிப் பார்த்தாள். இம்மி அசையவில்லை. அந்தச் சந்தோஷத்தில், இதை எப்படி உள்ளே கொண்டுவந்தார்கள் என்று கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

சில மாதம் போயிருக்கும். அவர் மறுபடியும் ஒரு வீடு பார்த்துவிட்டு வந்தார்.

"அங்க மாடிப்படி குறுகலா இருக்குமேங்க. பீரோ ஏறாதே" என்றாள், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு பீரோவைச் சுற்றிச் சுற்றி வந்தார். பக்கவாட்டுப் பலகையில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். விரல் நீள மர ஆப்பு ஒன்று வெளியே வந்தது.

"அட, ஆணியே இல்ல. இந்த ஆப்பை எல்லாம் உருவினா பலகை பலகையா வந்துடும். பிரிச்சு மாட்டுற பீரோம்மா இது."

ஊருக்கெல்லாம் காரணம் சொன்ன வாயில் இப்போது உண்மையைத் தவிர வேறொன்றும் வரவில்லை.

"நகர்த்த முடியாததாப் பாத்துப் பாத்து வாங்கினேங்க. உங்களை ஒரு எடத்துல இருக்க வைக்கத்தான். கீழ்வீட்டுப் பொண்ணோட இப்பதான் நம்ம பிள்ளை சிரிச்சுப் பேசுறா. அவளை மறுபடியும் பிடுங்கிக்கிட்டுப் போக என்னால முடியாது."

அவர் ஆப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

அன்று பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. ஒரே பெயர்ச்சீட்டை இரண்டு பேரின் இரத்தக் குப்பிகளில் ஒட்டப்போய்ப் பேச்சு வாங்கினாள். வீட்டில் பலகைகள்தான் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டே சாயங்காலம் கதவைத் திறந்தாள்.

பீரோ நின்றது. ஆப்பு இருந்த இடத்திலேயே இறங்கியிருந்தது. கதவு பாதி திறந்திருக்க, உள்ளே அவருடைய சட்டைகள், மடிப்புக்கூடச் சரியில்லாமல். காலி சூட்கேஸோடு அவர் நின்றுகொண்டிருந்தார்.

"இதையும் உன் கடைக்காரர்கிட்டயே குடுத்துடு. பழசுதானே."

அவள் கைப்பையைக்கூட இறக்கிவைக்கவில்லை. சூட்கேஸை வாங்கிக்கொண்டு, மனுஷர் மனம் மாறுவதற்குள் கடைக்கு நடந்தாள்.