மாமா புல்லில் இறக்கிய விமானம்

பிள்ளைகளே, உங்கள் மாமா முதல் முறை தனியாக விமானம் ஓட்டிய நாளைப் பற்றி அடிக்கடி கேட்கிறீர்கள். சின்னவன் அப்போது கைக்குழந்தை. அதனால் பார்த்ததை எழுதி வைக்கிறேன். நான் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவன், விமானம் பற்றிப் படித்தவன் இல்லை. தெரியாததை மாமாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

உங்கள் அம்மாவின் தம்பிக்குத் தொழிற்சாலையில் மெஷின் பழுதுபார்க்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் விமானம் ஓட்டப் பழகினார். அன்று ஆசிரியர் கீழே நின்றுகொண்டு, தனியாக ஒரு சுற்றுப் போய் இறக்கு என்று சொல்லப்போகிறார் எனத் தெரிந்தது. உங்கள் அம்மா சும்மா இருப்பாளா? புளிச்சோறு கட்டினாள், பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிட்டாள். பினாங்கு பாயான் லெப்பாஸ் விமான நிலைய வேலி ஓரத்தில் போய் நின்றோம்.

ஓடுபாதையின் இரண்டு முனையிலும் கம்பத்தில் ஆரஞ்சு நிறத் துணிக்குழாய் கட்டியிருக்கும். காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் அது நீளும். மலைமேல் மேகம் கறுத்துக்கொண்டு வந்த நேரம். கடல் பக்கத்துக் குழாய் மலையைப் பார்த்து நீண்டிருந்தது. மலைப் பக்கத்துக் குழாயோ கடலைப் பார்த்து நீண்டிருந்தது. ஒரே ஓடுபாதையில் இரண்டு காற்றா? பினாங்குப் பாலத்தில் காலி பஸ்ஸைக் காற்று தள்ளும், தெரியும். இது எனக்குப் புதிது.

மாமாவின் விமானம் தாழ வந்தது. தரையைத் தொடாமல், உறுமிக்கொண்டு மறுபடி மேலே போய்விட்டது.

"உன் தம்பி நமக்கு ஷோ காட்டுறான்லா!" என்று பக்கத்து வீட்டு அக்கா கைதட்டினார். இரண்டாவது முறையும் அப்படியே போனது. எல்லாரும் தட்டினோம்.

மூன்றாவது முறை சக்கரம் தரையில் பட்டது. பட்டதும் எகிறியது. ஒரு பக்க இறக்கை சாய, விமானம் அப்படியே திரும்பிப் புல்லுக்குள் ஓடி மூக்குக் குத்தி நின்றது.

அம்மாவின் விரல்கள் வேலிக் கம்பியில் மாட்டிக்கொண்டு நின்றன. "மாமா ஏன் இன்னும் இறங்கல?" என்று பெரியவள் நீ கேட்டாய். தீயணைப்பு வண்டி ஓடியது. பிறகுதான் கதவு திறந்தது. இறங்கிய மாமா எங்கள் பக்கம் பார்க்கவில்லை. அண்ணாந்து துணிக்குழாயைத்தான் பார்த்தார்.

"இனிமே இவன் ஏறவே கூடாது," என்றாள் அம்மா.

மணிக்கட்டு வீங்கியதைத் தவிர வேறு காயமில்லை. சாயந்திரம் வீட்டுக்கு வந்தவரிடம் நான் கேட்டேன்.

"எந்தக் காத்துப்பா தள்ளுச்சு?"

"எதிர்க்காத்து இருந்தா மெதுவா இறங்கலாம் மச்சான். சக்கரம் வைக்கிற நேரத்துல அது அப்படியே மாறிப் பின்னாலயும் பக்கத்துலயும் தள்ளிடுச்சு."

"அப்ப முதல் ரெண்டு தடவை?"

"காத்து சரியில்லன்னு மேல போனேன். அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க."

"ஓ, ஷோ இல்லையா! சரி, மூணாவது தடவையும் போயிருக்கலாமே?"

வீங்கிய மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். "போயிருக்கணும். வேலி ஓரமா நீங்க எல்லாம் நிக்கிறது மேலருந்து தெரிஞ்சுது. இன்னொரு தடவையும் இறங்காமப் போனா, இவனுக்கு ஓட்டத் தெரியலன்னு நினைப்பீங்கன்னு வெக்கமா போச்சு."

அம்மா திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்களுக்காகவாடா இறங்குன?"

அவர் தலையாட்டினார்.

"அப்படின்னா அடுத்த தடவை எந்த நாள்னு எங்ககிட்ட சொல்லாத."

பல மாதம் ஆசிரியர் மறுபடி பக்கத்தில் உட்கார்ந்து பழக்கினார். ஒரு ஞாயிறு நாம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாமா வந்தார். தனியாகப் போய் இறக்கிவிட்டேன் என்றார்.

"எத்தனையாவது சுத்துல?" என்று கேட்டேன்.

"நாலாவதுல."

"நாலா!" என்ற அம்மா, இருந்ததிலேயே பெரிய மீன் துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.