சுவருக்கு வந்த இன்சூரன்ஸ்

இன்சூரன்ஸ் என்ற சொல்லைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. விருத்தாசலத்தில் வாடகைக்குக் குடியிருக்கும் யாராவது, "எங்க ஓனரு இன்சூரன்ஸ் போட்டிருக்காரு, கவலயில்ல" என்று சொன்னால், அவர்களைப் பிடித்து உட்காரவைத்து என் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. பாதியிலேயே எழுந்து போனவர்களும் உண்டு. போகட்டும்.

என் கணவர் பீங்கான் பொம்மைகளுக்கு அச்சு செய்பவர். களிமண் கூழை ஊற்றிப் பொம்மை எடுப்பதற்கான பிளாஸ்டர் அச்சு. பகலில் ஒரு பொம்மைக் கம்பெனியில் கூலிக்குச் செய்தார். சாயங்காலம் வந்து முகம் கழுவிவிட்டு, வீட்டின் பின் அறையில் சொந்தமாக அச்சு செய்வார். பிள்ளையார், தசாவதாரம், கல்யாண செட்டு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே வந்தது. அடுத்த கொலு சீசனுக்குள் கூலி வேலையை விட்டுவிட்டு நாங்களே பொம்மை போடுவதாக இருந்தோம். எங்களுக்கு நகை கிடையாது, நிலம் கிடையாது. அந்தப் பின் அறைதான் எல்லாம்.

வீட்டுக்காரர் சேத்தியாத்தோப்பில் இருக்கிறார். வங்கிக் கடனில் கட்டிய வீடு. குடிவந்த அன்றைக்கே, "வூட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்குதும்மா. மழ, வெள்ளம், தீ எதுன்னாலும் பயமில்ல, நிம்மதியா இருங்க" என்றார். அதற்குப் பிறகு வாடகையை ஏற்ற வந்தபோதெல்லாம் அதையே காரணமாகவும் சொன்னார். "வருசா வருசம் இன்சூரன்ஸு வேற கட்டறேன்ல?" நியாயம்தானே என்று நாங்களும் கொடுத்தோம். நமக்கும் சேர்த்துத்தானே கட்டுகிறார் என்ற நினைப்பு.

ஒரு கார்த்திகை மழையில் தெருவுக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் நிரம்பி, தண்ணீர் ஜன்னல் வரைக்கும் ஏறிவிட்டது. எங்கள் பெண்ணைக் கூட்டிக்கொண்டு கருவேப்பிலங்குறிச்சியில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போனோம். தண்ணீர் வடிந்து திரும்பி வந்தால், ஃபிரிட்ஜ் மல்லாந்து கிடந்தது. மெத்தை ஊறி உப்பியிருந்தது. பின் அறையில் அலமாரி சரிந்து அச்சுகள் சேற்றுக்குள் கிடந்தன. என் கணவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினார். பிளாஸ்டர் அச்சு நனைந்தால் அதோடு போய்விட்டது என்று அர்த்தமில்லை. உடனே எடுத்துக் கழுவி நிழலில் உலர்த்தினால் பாதிக்கு மேல் தேறிவிடும். சேற்றிலேயே ஊறக் கிடந்தால்தான் மேல்பரப்பு கரைந்து, மூக்கும் முழியும் மழுங்கிப்போகும்.

முதல் அச்சைக் கையில் எடுத்த நேரத்தில் வீட்டுக்காரரின் போன்.

"எதையும் தொடாதீங்க, நகத்தாதீங்க. இன்சூரன்ஸுலேர்ந்து சர்வேயரு வருவாரு. என்னென்ன சேதம்னு அவரு பாத்து எழுதனாத்தான் பணம் வரும். கழுவி வுட்டீங்கன்னா எல்லாம் கெட்டுடும்."

என் கணவர் அந்த அச்சை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

எதிர் வீட்டில் அவர்களுடைய பாத்திரம், துணி, பிள்ளைகளின் புத்தகம் என்று எல்லாவற்றையும் நடுரோட்டில் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். இன்சூரன்ஸ் இல்லாத பாவங்கள் என்று அவர்களைப் பார்த்து நான் பரிதாபப்பட்டேன். இதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. நாங்கள் அக்கா வீட்டில் காத்துக்கிடந்தோம். தினமும் வந்து எட்டிப் பார்ப்போம். நாற்றம் குடலைப் பிடுங்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போவோம். சர்வேயருக்கு நிறைய ஊர் பார்க்கவேண்டியிருந்ததாம்.

கடைசியில் அவர் வந்தார். வீட்டுக்காரரும் கூட வந்தார். சர்வேயர் மரியாதையான மனிதர். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். சுவரில் தண்ணீர் நின்ற கறையை அளந்தார், பெயர்ந்த தரையைப் போட்டோ எடுத்தார், உப்பிய கதவைத் தட்டிப் பார்த்தார். மெத்தையைத் தாண்டி நடந்தார். அச்சுகளையும் தாண்டித்தான் நடந்தார். பிறகு என்னிடம் திரும்பி, "இந்த பீரோவக் கொஞ்சம் நகத்துங்கம்மா. சொவரு தெரியல" என்றார்.

நகர்த்தினோம். துருவேறிய கதவு திறந்துகொண்டு என் பெண்ணின் பள்ளிக்கூடச் சட்டைகள் சேறும் பூஞ்சணமுமாக அவர் காலடியில் விழுந்தன. அவர் ஒதுங்கி நின்று சுவரைப் போட்டோ எடுத்தார்.

"எங்க சாமான எழுதலியா சார்?" என்றேன்.

"இது கட்டடத்துக்கு எடுத்த பாலிசிம்மா. சொவரு, தர, கூர, கதவு, அவ்ளோதான். உள்ள இருக்கற சாமான் இதுல வராது. அதுக்கு நீங்க உங்க பேருல தனியா எடுத்திருக்கணும். வாடகைக்கு இருக்கறவங்களும் எடுக்கலாம். இந்த அச்செல்லாம் தொழில் சாமான், அதுக்குப் பாலிசியே வேற."

"அப்போ வூட்டுக்கு இன்சூரன்ஸுன்னு சொன்னாங்களே?"

"வீட்டுக்குத்தாம்மா இது" என்றார் அவர், பொறுமையாக.

வீட்டுக்குத்தானாம். எங்கள் பக்கத்தில் ஒரு ஆள் 'எங்க வூட்டுல கோச்சிக்குவாங்க' என்றால் பெண்டாட்டியைச் சொல்கிறான். 'வூட்டுல சொல்லிட்டு வரேன்' என்று கிளம்புகிறவன் சுவரிடமா சொல்லிவிட்டு வருகிறான்? ஆளும் சோறும் பாயும் இருந்தால்தான் அது வூடு. பாலிசியில் மட்டும் அது செங்கல்லும் சிமென்ட்டும் ஆகிவிடுகிறது. இதைக் குடிவரும்போதே ஒருவரும் சொல்லவில்லை. வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் போனைத் தடவிக்கொண்டே, "எனக்கும் இதெல்லாம் தெரியாதும்மா" என்றார். தெரியாமலே இருந்திருக்கலாம். தெரியாத ஒன்றைச் சொல்லி வாடகை ஏற்ற மட்டும் எப்படித் தெரிந்தது? தெரியாத ஆள் எதற்காக என் புருஷன் கையில் எடுத்த அச்சைக் கீழே வைக்கச் சொன்னார்?

அன்றைக்குச் சாயங்காலம் அச்சுகளைக் கழுவிப் பார்த்தோம். பிள்ளையாருக்குத் தும்பிக்கை இல்லை. தசாவதாரத்தில் யார் ராமர், யார் பலராமர் என்றே தெரியவில்லை. என் கணவர் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துச் சாக்கில் போட்டார். நான் சத்தம் போட்டு அழுதேன்.

வீட்டுக்காரருக்குப் பணம் வந்தது. புதுத் தரை போட்டார், பூச்சு பூசினார், வெளியே பச்சை பெயின்ட் அடித்தார். வேலை முடிந்ததும் மனைவியோடு வந்து அறை அறையாகச் சுற்றிப் பார்த்தார். ஆளுக்கொரு டீ போட்டுக் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்:

"வூடு புதுசாயிடுச்சில்ல. வாடகையக் கொஞ்சம் பாத்து ஏத்திக் குடுங்க."

"புதுசானது சொவருதானே? சொவத்துக்கிட்டயே வாங்கிக்குங்க" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். அவர் மனைவியும் சிரித்தாள். என் கணவர், "இவ அப்பிடித்தாங்க பேசுவா. குடுத்துடறோம்" என்றார். பெண்ணுக்கு அது பொதுத்தேர்வு வருஷம். அந்த நேரத்தில் வேறு வீடு தேடி எங்கே போவது?

இப்போது ஏற்றிய வாடகையைத்தான் கொடுக்கிறோம். அதற்காக என் கணவர் சாயங்காலமும் கம்பெனியிலேயே இருந்து, முதலாளிக்கு அச்சு செய்துவிட்டு வருகிறார்.