பிரேக் அக்காவின் வலது கால்

அந்த ஓட்டுநர் பள்ளியில் மூன்று கார்கள் இருந்தன. சொன்ன பேச்சைக் கேட்கிற கார் ஒன்றுதான், அது பிரேக் அக்காவின் கார். கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்து இருக்கையின் கீழே இன்னொரு பிரேக் இருக்கும். அதன்மேல் வலது பாதத்தைப் பட்டும் படாமலும் வைத்துக்கொண்டு, தையல்காரர், பல் மருத்துவர், ஓய்வுபெற்ற நீதிபதி என்று ஊரில் பாதிப் பேரை அக்கா சாலைக்கு அனுப்பி வைத்திருந்தார். சத்தம் போட மாட்டார். யாராவது தடுமாறினால், "பதறாதீங்க, தெரு எங்கயும் ஓடிப்போயிடாது" என்பார். அந்த பிரேக்கையும் லேசில் மிதிக்க மாட்டார். அக்கா மிதித்தால் அதற்குக் காரணம் இருக்கும் என்று பள்ளியில் எல்லோருக்கும் தெரியும்.

அக்காவின் கால்களுக்கு முப்பது வயதிலிருந்தே ஒரு குணம் உண்டு. பொழுது சாய்ந்த பிறகு சும்மா உட்கார்ந்தால் கெண்டைக்காலுக்குள் என்னவோ செய்யும். வலி இல்லை, அரிப்பு இல்லை, மரத்துப்போவதும் இல்லை. சோடா பாட்டிலைக் குலுக்கி உள்ளே ஊற்றிவிட்ட மாதிரி இருக்கும் என்பார். எழுந்து நாலடி நடந்தால் அடங்கிவிடும், உட்கார்ந்தால் திரும்ப வரும். அக்காவின் அம்மாவும் சாயங்காலமானால் வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தவர்தான். அதனால் சுருட்டை முடி மாதிரி இதுவும் குடும்பத்துச் சொத்து என்று விட்டுவிட்டார். சினிமாவுக்குப் போனால் ஓரத்து இருக்கை கேட்பார். இடைவேளைக்கு முன்பே இரண்டு தடவை எழுந்து வெளியே போய்வருவார். அவருடன் முழுப் படம் பார்த்த சாட்சி யாரும் கிடையாது.

அறுபதைத் தாண்டியதும் இடது முட்டி தேய்ந்துபோனது. காரில் ஏறுவதற்குள் வழியில் வந்த கடவுளையெல்லாம் கூப்பிட வேண்டியிருந்தது. முட்டியை மாற்றிவிடலாம் என்றார் எலும்பு டாக்டர். மாற்றினார்கள். அறுவை சிகிச்சை அருமையாக முடிந்தது. புது முட்டியின் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தன் பிள்ளை வாங்கிய கோப்பையைக் காட்டுவதுபோல டாக்டர் எல்லோருக்கும் காட்டினார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கால்கள் தங்கள் வேலையைக் காட்டின. முன்பெல்லாம் விளக்கு வைத்த பிறகு வருகிற குறுகுறுப்பு இப்போது மதியச் சாப்பாடு முடிந்ததுமே வந்து உட்கார்ந்துகொண்டது. தலையணைமேல் காலை நீட்டி வைத்து அசையாமல் இருக்கச் சொல்லியிருந்தார்கள். காலுக்கோ ஊரைச் சுற்றிவர வேண்டும். படுத்தால் உதறும், நீட்டினால் மடங்கும், மடக்கினால் நீளும். தூக்கம் போயே போச்சு. நான்கு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நடப்பார். கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் மாடியேறி வந்து, ராத்திரியில் உங்கள் வீட்டில் மேசை நாற்காலி நகர்த்துகிறீர்களா என்று மரியாதையாக விசாரித்துவிட்டுப் போனார். நடந்து அலுத்தால் சமையலறை அலமாரிகளைத் துடைப்பார். வீடு அப்படிப் பளபளவென்று அதற்கு முன் இருந்ததே இல்லை.

அவர் கணவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். படுத்த மறுநொடி குறட்டை விடுகிற பாக்கியசாலி. மனைவியின் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்ததைப் பார்த்து அவருக்கு மனசு கேட்கவில்லை. சளி பிடித்தால் தான் போட்டுக்கொள்கிற மாத்திரையை நீட்டினார். அதைப் போட்டால் அவர் விடிந்தும் எழுந்திருக்க மாட்டார். அக்கா நம்பிப் போட்டுக்கொண்டார். தலை தூங்கப் பார்த்தது, கால்கள் விடவில்லை. முன்னைவிட இரண்டு மடங்கு ஆட்டம். மருந்து போதவில்லை போலிருக்கிறது என்று மறுநாளும் போட்டார், அதற்கடுத்த நாளும் போட்டார்.

யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான்: புது முட்டி, பழகச் சில மாதமாகும். எலும்பு டாக்டர் மறுபடியும் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்தார். முட்டியில் ஒரு குறையும் இல்லை என்றார். அது உண்மைதான். முட்டி சமர்த்தாக மடங்கியது, படி ஏறியது, காரிலும் ஏறியது. அதனால் டாக்டர் வேலைக்குப் போகலாம் என்றதும் அக்கா தூங்காத கண்ணோடு பள்ளிக்குத் திரும்பினார்.

அப்போது அவரிடம் கற்றுக்கொண்டிருந்தவர் ஒரு நூலகர். தேர்வில் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவர். காருக்குள்ளும் நூலகத்தில் பேசுவதுபோலத்தான் பேசுவார், ஹாரன் அடிக்கவே கூச்சப்படுவார். வேலை முடிந்து வருகிறவர் என்பதால் அவருக்குச் சாயங்கால வகுப்பு. ஒருநாள், மருந்துக்கடை வளைவை அவர் வெகு அழகாகத் திருப்பிக்கொண்டிருந்தார். அக்காவுக்குக் கால் தாங்க முடியாமல் போய், ஒரே ஒரு உதறு உதறினார். பாதம் பிரேக்கில் விழுந்தது. கார் குலுங்கி நடுத்தெருவில் நின்றது. பின்னால் வந்த வேன், இடிக்கக் கொஞ்சமே மீதி இருக்கும்போது நின்றது. வேன்காரர் தலையை வெளியே நீட்டிச் சொன்னவற்றை நூலகர் எந்தப் புத்தகத்திலும் படித்திருக்க மாட்டார்.

ஓரமாக நிறுத்தியதும் நூலகர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அழ ஆரம்பித்தார்.

"நான் என்ன தப்பு பண்ணேன்னே தெரியலக்கா. எனக்கு இதெல்லாம் வராது. விட்டுடறேன்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. சமாளித்துவிடலாம், முன்னால் பூனை ஓடியது என்று சொன்னால் நம்பிவிடுவார். ஆனால் அந்த அழுகைக்கு முன்னால் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நீங்க ஒரு தப்பும் பண்ணலம்மா. ரொம்ப நல்லாத் திருப்பினீங்க. என் கால்தான் சொன்ன பேச்சு கேக்கல."

நூலகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆபரேஷன் செய்த காலா என்று கேட்டார். இல்லை, இது மற்றது என்றார் அக்கா. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. வெட்டியது இடதில். வலது காலை யாரும் தொடவே இல்லை. பிறகு அது ஏன் ஆடுகிறது?

அன்றைக்கே பள்ளி உரிமையாளரிடம் நடந்ததைச் சொல்லி, இனிமேல் மாலையில் காரில் உட்கார மாட்டேன் என்றுவிட்டார். அறுவை சிகிச்சைக்குப் படுத்த நாட்களைத் தவிர, இத்தனை வருஷத்தில் ஒரு வகுப்பையும் தட்டாதவர் அவர். மறுநாள் காலையில் எலும்பு டாக்டரிடம் போகவில்லை. காய்ச்சல், இருமலுக்குக் குடும்பத்தோடு போகிற பொது மருத்துவரிடம் போனார், கணவரையும் இழுத்துக்கொண்டு. நடுத்தர வயதுப் பெண் அவர். முட்டி எப்படி இருக்கிறது என்றுதான் அவரும் ஆரம்பித்தார்.

"முட்டிய விடுங்க டாக்டர், அது நல்லாத்தான் இருக்கு. அதைத் தவிர மிச்சக் காலைப் பத்திக் கேளுங்க" என்றார் அக்கா.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். அக்கா அம்மாவின் நடையிலிருந்து வேன்காரரின் வசவு வரைக்கும் எதையும் விடாமல் சொன்னார். டாக்டர் நடுவில் இரண்டே கேள்விதான் கேட்டார்: எழுந்து நடந்தால் போய்விடுகிறதா? தூங்குவதற்கு ஏதாவது மாத்திரை போடுகிறீர்களா? இரண்டாவது கேள்விக்குக் கணவர் கூரையைப் பார்த்தார்.

இதற்குப் பெயர் உண்டு, ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் என்பார்கள், பல பேருக்குக் குடும்ப வழியாக வரும் என்று டாக்டர் விளக்கினார். உடம்பில் இரும்புச்சத்து குறைந்தால் அது தலைதூக்கும். அறுவை சிகிச்சையில் ரத்தம் போயிருக்கும். அசையாமல் படுத்ததும் சேர்ந்துகொள்ளும். அந்தச் சளி மாத்திரை பலருக்கு அதைக் கிளறிவிடும். ரத்தம் எடுத்துப் பார்த்தபோது அக்காவின் இரும்புக் கையிருப்பு அடிமட்டத்தில் இருந்தது.

"முட்டி பூரா இரும்ப வெச்சு அனுப்பிட்டாங்க, உடம்புல இரும்பு இல்லங்கறீங்களே டாக்டர்" என்றார் கணவர். தூக்கமில்லாத அத்தனை வாரங்களில் முதல்முறையாக அக்கா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணில் தண்ணீர் நின்றது. இத்தனை வருஷமாகச் சுருட்டை முடி என்று நினைத்ததற்கு ஒரு பெயர் இருந்ததே, அம்மா அது தெரியாமலேயே நடந்து நடந்து போய்ச் சேர்ந்தாரே என்று.

மாத்திரை எழுதித் தந்த டாக்டர், ராத்திரியோடு ராத்திரியாகச் சரியாகிவிடாது என்றும் சொல்லி அனுப்பினார். அப்படித்தான் ஆனது. இரும்பு மாத்திரை வயிற்றைக் கல்லாக்கியது. அதைப் போட்டால் உடனே காபி கூடாது என்பது அக்காவுக்கு அறுவை சிகிச்சையைவிடப் பெரிய தண்டனை. சளி மாத்திரை குப்பைக்குப் போனது. படுப்பதற்கு முன் வெந்நீரில் கால் வைப்பார், கெண்டைக்காலை அமுக்கி விடுவார், கணவரையும் கூட்டிக்கொண்டு தெருமுனை வரை நடப்பார். கணவர் பாதி நடையிலேயே கொட்டாவி விடுவார். இரண்டு நாள் நன்றாக இருக்கும், மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறப்பாள். அந்த நாட்களில் அக்காவின் வாயில் யாரும் விழ மாட்டார்கள். ஆனால் வாரங்கள் போகப் போக, குறுகுறுப்பு மதியத்திலிருந்து சாயங்காலத்துக்கு நகர்ந்தது, சாயங்காலத்திலிருந்து இரவுக்கு. ஒருநாள் கண்விழித்தால் ஜன்னலில் வெயில் இருந்தது. கடிகாரம் பழுது என்று நினைத்து அதைக் காதில் வைத்துப் பார்த்தார்.

பள்ளி உரிமையாளர் அவரை விட்டுவிடத் தயாராக இல்லை. காலையில் மட்டும் கார், மாலையில் சாலை விதி வகுப்பு என்று மாற்றிக் கொடுத்தார். விதி வகுப்பில் அக்கா நாற்காலியைத் தொடுவதே இல்லை. பலகைக்கு முன்னால் நடந்துகொண்டே பாடம் நடத்துவார். மாணவர்கள் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் கேட்பார்கள். யாரும் தூங்குவதில்லை. நூலகர் விடுப்புச் சொல்லிக் காலையில் வந்து கற்று, மூன்றாவது முறை தேறினார். தேறிய அன்று பள்ளி வாசலில் ஹாரனைத் தேவைக்கு அதிகமாகவே அடித்தார்.

அடுத்த ஆண்டு வலது முட்டியும் கை விரித்தது. மறுபடியும் அதே ஆட்டமா என்று கணவர்தான் பயந்தார். அக்கா இந்தத் தடவை முன்னேற்பாட்டோடு இருந்தார். இரும்புக் கையிருப்பைச் சரிபார்த்துத் தேற்றிக்கொண்ட பிறகுதான் தேதி வாங்கினார். மயக்க மருந்து கொடுக்கிறவர் வந்து, ஏதாவது ஒவ்வாமை உண்டா என்று கேட்டபோது, ஒவ்வாமை இல்லை, ஆனால் என் கால்களைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆரம்பித்து, எந்த மாதிரி மருந்து தனக்கு ஆகாது என்று பொது மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்ததையும் காட்டினார். அவர் நின்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

சிகிச்சை முடிந்த சாயங்காலமே இரண்டு செவிலியர்கள் அவரைக் கைத்தாங்கலாக எழுப்பி, வராந்தாவில் மெல்ல நடக்கவிட்டார்கள். கால்கள் கொஞ்சம் முணுமுணுத்தன. நடந்ததும் அடங்கின. அன்றிரவு கணவர் துணைக்குப் படுத்தார். பக்கத்து அறைவரை குறட்டை கேட்கிறது, அவரை வேண்டுமானால் எழுப்பட்டுமா என்று செவிலியர் கேட்க வந்தபோது, அக்காவும் தூங்கிக்கொண்டிருந்தார்.