கறுத்துப்போன கியர் எண்ணெய்

என்னிடம் இருப்பது ஆட்டோ லைசென்ஸ், கியர் தானாக மாறும் காரை மட்டும் ஓட்டலாம். கிளட்ச் வண்டி ஓட்டத் தெரியாது. என் கணவரின் பார்வையைச் சர்க்கரை நோய் பறித்த பிறகு, ஐம்பத்திரண்டு வயதில் வேறு வழியில்லாமல் எடுத்தது. எங்கள் ஊரான பாடாங் மேஹாவிலிருந்து கூலிம் டவுனுக்கு வாரம் மூன்று முறை அவரை டயாலிசிசுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு முறை தவறினாலும் உடம்பில் நீர் ஏறி மூச்சு திணறும்.

முப்பது வருடம் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டிய மனிதர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து காதாலேயே கார் ஓட்டுவார். கியர் போட்டதும் எங்கள் பழைய கார் கொஞ்சம் யோசித்துவிட்டு வெடுக்கென்று குதிக்க ஆரம்பித்தது. அது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? வாயே திறக்கவில்லை. நான்தான் பட்டறைக்கு ஓட்டிப்போனேன்.

பட்டறைக்காரர் என்னைவிட இளையவர். கியர் எண்ணெய்க் கம்பியை உருவி வெள்ளைத் தாளில் துடைத்தார்.

“சிவப்பா இருக்கணும்க்கா. இது பால் ஊத்தாத கோப்பி ஓ மாதிரி கறுப்பா இருக்கு. கருகின வாடை வேற. ரொம்ப வருசம் மாத்தாத வண்டிலா, ஒரேயடியா மாத்தினா கியர் வழுக்கும். பாதி இப்ப மாத்துவோம், பாதி அடுத்த மாசம். இந்தக் காருக்குன்னு உள்ள எண்ணெய் வர ரெண்டு நாளாகும்.”

“ஓடுற வண்டியில கை வைக்காதே,” என்றார் காருக்குள் உட்கார்ந்திருந்த கணவர்.

காலில் புண் வந்தபோதும் இப்படித்தான், நடக்கிற காலை டாக்டரிடம் ஏன் காட்ட வேண்டும் என்றார். இரண்டு விரல்கள் போயின. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மறுநாள் டயாலிசிஸ் வேறு. எல்லாக் காருக்கும் ஊற்றலாம் என்று எழுதியிருந்த போத்தலைக் காட்டி, “இதையே ஊத்துங்க தம்பி. முழுசா மாத்துங்க,” என்றேன். அவர் தயங்கினார். நான் விடவில்லை.

ஒன்பது நாள் கார் வெண்ணெய் மாதிரி ஓடியது. “பாத்தீங்களா?” என்று ஒன்பது நாளும் கணவரைக் குத்திக் காட்டினேன். பத்தாம் நாள், கூலிம் போகும் வழியில், மிதிக்க மிதிக்க இஞ்சின் அலறியது. கார் நகரவில்லை.

போனில் கூப்பிட்ட வாடகைக் கார் எதுவும் வரவில்லை. எதிரே மளிகைக் கடைக்காரர் கடையை விட்டு வர முடியாமல் தன் வேன் சாவியை நீட்டினார். கிளட்ச் வேன். ஓட்டத் தெரிந்தவருக்குக் கண் இல்லை, கண் இருக்கிறவளுக்கு ஓட்டத் தெரியவில்லை. மூன்று மணி நேரம் கழித்து யாரோ ஒருவர் ஏற்றிக்கொண்டுபோய்ச் சேர்த்தபோது, அவருடைய படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். மறுநாள் வரச் சொன்னார்கள்.

விடிவதற்குள் மூச்சு முட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். நான்காம் நாள் போய்விட்டார்.

சாவுக்கு வந்த பட்டறைக்காரர், “கியருக்குள்ள தட்டெல்லாம் முன்னாடியே தேஞ்சிருந்துச்சுக்கா. எதை ஊத்தியிருந்தாலும் போயிருக்கும்,” என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரோ என்னவோ, நான் திருப்பிக் கேட்கவில்லை.

கார் நின்ற அன்று ரோட்டோரத்தில் நடந்ததை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. காருக்குள் அவர் தடவித் தடவி, கியர் மேல் இருந்த என் கையைப் பிடித்தார்.

“கண்ணு தெரிஞ்சப்பவே அந்த எண்ணெயைப் பாத்தேன். அப்பவே கறுப்புதான். பயந்துபோய் மூடி வச்சிட்டேன். உன் தப்பு இல்ல.”

“இப்ப வந்து சொல்றீங்களா?” என்று கையை உதறினேன்.

அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில் நிறையப் பேசினேன். அவருக்குக் கேட்கவில்லை.