கெமிஸ்ட்ரி படித்தால் கெமிஸ்ட்தானே

கெமிஸ்ட்ரி படித்தவர்கள் கெமிஸ்ட் கடையில் நின்று மருந்து கொடுக்க முடியாது என்ற செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் என்னிடம் வந்து சேர்ந்தது. லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் உள்ள என் பலசரக்குக் கடையில் ஒருவருக்கு மிச்சக் காசு கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் காசு என் கையிலேயே நின்றுவிட்டது. வாங்க வேண்டியவர் கையை நீட்டியபடி இருந்தார். நான் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற என் மகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு என் பக்க நியாயத்தையும் கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் மருந்து விற்கும் கடையைப் பாமசி என்போம். ஜெர்மனிக்குப் போனேன், அங்கே அதற்கு அப்போதேக்கே என்றார்கள். பல வருடம் அங்கே உழைத்துவிட்டு லண்டனுக்கு வந்தால், தெருவுக்குத் தெரு ‘கெமிஸ்ட்’ என்று பலகை. நாட்டுக்கு நாடு பெயர் மாறிப் பழகிப்போன ஆள் நான். மறுபேச்சுப் பேசாமல் அந்தச் சொல்லையும் எடுத்து வைத்துக்கொண்டேன். பிறகு மகள் பல்கலைக்கழகத்தில் கெமிஸ்ட்ரி படிக்கப்போவதாகச் சொன்னாள். கெமிஸ்ட்ரி படித்தவள் கெமிஸ்ட் ஆகாமல் வேறு என்ன ஆவாள்? இதில் என் பிழை எங்கே இருக்கிறது? பலகை எழுதியவனைப் பிடித்துக் கேளுங்கள்.

அன்றிலிருந்து என் கால் தரையில் படவில்லை. என் கடைக்கு இரண்டு முகப்பு. ஒரு பக்கத்தில் வியாபாரம், மற்றப் பக்கத்தில் அரிசி மூட்டைகள். அந்தப் பக்கத்தை ஒழித்து இறைச்சி வெட்டும் இடமாக்கலாம் என்று மனைவி எத்தனையோ தடவை சொல்லியும் நான் அசையவில்லை. அது மகளின் மருந்துக்கடைக்கு என்று மனதுக்குள் எழுதி வைத்தாயிற்று. பக்கத்து ஊரான நோர்பரியில் ஒரு மருந்துக்கடையை மூடியபோது அவர்கள் கழற்றிப்போட்ட, மருந்துக்கடைக்கு அடையாளமான பச்சைச் சிலுவை விளக்கைக் கேட்டு வாங்கிவந்தேன். திருநீறு பூசுகிறவர்கள் கடைக்குள் சிலுவை எதற்கு என்று மனைவி கேட்பாள். அதனால் நான் உடுத்திக் கழித்த ஒரு பழைய சாரத்தில் சுற்றி, ஸ்டோர் அறையில் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். மகளுக்குப் பட்டம் கிடைக்கும் நாளில் அதை எரியவிட்டுக் காட்டவேண்டும் என்பது என் திட்டம். விளக்கைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

அந்த ஞாயிறு மனைவி பார்க்கிங் என்ற ஊரில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். மகள் எனக்கு உதவிக்கு நின்றாள். இரண்டாம் வருடம் முடியப்போகிறது, அடுத்த வருடம் எந்தப் பிரிவைச் சிறப்பாகப் படிப்பது என்று நாளை மாலைக்குள் சொல்லவேண்டும் என்றாள். ஓகானிக், இன்ஓகானிக் என்று அடுக்கினாள். எனக்கு ஒரே புளுகம், சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை. சேதன இரசாயனம், அசேதன இரசாயனம் என்று நான் பள்ளிக்கூடத்தில் படித்ததை எடுத்துவிட்டேன். ஓகானிக் என்றால் இரண்டு மடங்கு விலைக்கு விற்கும் கத்தரிக்காய் என்று நான் நினைப்பதாக எண்ணிவிடாதே, உன் அப்பாவுக்கும் விஷயம் தெரியும் என்று பகிடியும் விட்டேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் மயங்கி, கடையைக் கெதியாகத் திறக்க எது உதவுமோ அதை எடு என்று வாயை விட்டேன்.

அவள் கையிலிருந்த தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

“அப்பா, கெமிஸ்ட்ரி படிச்சுக் கெமிஸ்ட் கடை வைக்க ஏலாது. அதுக்குப் பாமசி எண்டு வேற படிப்பு இருக்கு. முதலில இருந்து படிக்க வேணும்.”

மிச்சக் காசு கையில் நின்றது அப்போதுதான். எனக்குக் காது அடைத்துவிட்டது. அவளே என் விரல்களைப் பிரித்துக் காசை எடுத்து அந்த மனிதரிடம் கொடுத்து அனுப்பினாள். அவர் போனதும் நான் பால் பெட்டியொன்றைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தேன். கோயிலில், கலியாண வீட்டில், முடிவெட்டும் இடத்தில் என்று, மகள் கெமிஸ்ட் கடை வைக்கப்போகிறாள் என யார் யாரிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன் என்று முகங்கள் வரிசையாக வந்தன. அவர்களில் ஒருவராவது என்னைத் திருத்தவில்லை. தெரிந்துகொண்டு சும்மா இருந்தார்களா, அல்லது எல்லோரும் என்னைப் போலத்தானா? எது மோசம் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

அவள் என்னைத் தேற்றப் பார்த்தாள். மருந்து இரசாயனம் என்று ஒரு பிரிவு இருக்கிறது, புது மருந்துகளை ஆய்வுகூடத்தில் உருவாக்குகிற படிப்பு, அதைத் தெரிவு செய்து காலையிலேயே அனுப்பிவிட்டேன் என்றாள். மருந்து என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. கடை இல்லாவிட்டாலும் மருந்தாவது இருக்கிறதே. ஆனால் அவள் முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை. சாப்பாட்டு மேசையில் கண்ணாடிக் குவளையை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் கதைக்கிறவள், மூன்று வயதிலிருந்து கேள்வி கேட்டே என் உயிரை வாங்கியவள், அந்தப் பிரிவின் பெயரைக் கடன்காரனுக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள்.

இதையெல்லாம் ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது.

“ஸ்டோர் ரூமில அந்தப் பச்சை லைட்டைப் பாத்தனான் அப்பா. ஃபர்ஸ்ட் இயரில. அதைப் பாத்தாப் பிறகு சொல்ல ஏலேல்லை.”

“அம்மாவுக்குத் தெரியுமோ?”

“அம்மாதான் காட்டினவ.”

முதல் அடி என் காதை அடைத்தது. இது நெஞ்சில் விழுந்தது. இரண்டு வருடமாக நான் ஒளித்து வைத்திருக்கிறேன் என்று நினைத்திருந்தது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர்கள்தான் என்னிடமிருந்து ஒளித்தார்கள். அதைவிடப் பெரிய விஷயம் அதற்குப் பிறகுதான் மெல்ல மெல்ல என் மண்டைக்குள் ஏறியது. இவள் மருந்து இரசாயனத்தைத் தெரிவு செய்தது அது பிடித்ததனால் அல்ல. இருக்கிற பிரிவுகளில் என் விளக்குக்குக் கிட்ட வருவது அதுதான். என் பிள்ளையின் படிப்பு முழுவதும் நோர்பரியில் கழற்றிப்போட்ட ஒரு பழைய விளக்கைச் சுற்றிக்கொண்டு நின்றிருக்கிறது.

நான் எழும்பி ஸ்டோர் அறைக்குப் போனேன். சாரத்தை உருவி எறிந்தேன். விளக்கைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்துச் சுவரில் பிளக்கைச் செருகினேன். கடை முழுக்கப் பச்சை அடித்தது. மகள் திகைத்துப்போய் நின்றாள். நான் பட்டது போதும், அவளும் கொஞ்சம் திகைக்கட்டும் என்றிருந்தது.

“பிள்ளை, உனக்கு உண்மையா எது விருப்பம்?”

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். பௌதிக இரசாயனம். ஒரு பொருளில் வெளிச்சம் பட்டால் உள்ளே என்ன நடக்கிறது, அது ஏன் ஒரு நிறத்தை மட்டும் திருப்பித் தருகிறது என்பது போன்ற விஷயங்கள். அதைப் படித்து என்ன கடை வைக்கலாம் என்று கேட்டேன். ஒரு கடையும் வைக்க முடியாது என்றாள்.

“சரி. இது ஏன் பச்சையா எரியுது? சொல்லு பாப்பம்.”

தொடங்கினாள். எலக்ட்ரோன் மேலிருந்து கீழே விழுவதைக் காட்ட மிளகாய்த்தூள் பைக்கற்றுகளைப் படிப்படியாக அடுக்கினாள். எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறதோ அதற்கேற்ற நிறம் வருமாம். எனக்குப் பாதி விளங்கவில்லை. ஆனால் சாப்பாட்டு மேசையில் பார்க்கிற அதே முகம் திரும்பி வந்திருந்தது. தமிழ் போதாமல் ஆங்கிலத்துக்குத் தாவினாள், ஆங்கிலத்திலிருந்து கைகளுக்குத் தாவினாள். நாளை மாலை வரை மாற்றலாம்தானே, இப்போதே மாற்று என்றேன். அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொலைபேசியை நிமிர்த்தினாள்.

அவள் இன்னும் அழுத்திக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. பஸ் நிறுத்தத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். தலையிடிக்கு ஏதாவது வேண்டும் என்று சொல்லிவிட்டு, அரிசி மூட்டைகளைச் சுற்றும் முற்றும் பார்த்து, இங்கே யார் கெமிஸ்ட் என்று ஆங்கிலத்தில் கேட்டார். மன்னிப்புக் கேட்டு அனுப்ப நான் வாயைத் திறந்தேன்.

நான்தான் என்றாள் மகள். ஆனால் மருந்து விற்கிற கெமிஸ்ட் அடுத்த தெருவில் இருக்கிறார் என்று சொல்லி, கதவு வரை போய் அவருக்கு வழி காட்டினாள்.

அந்தச் சொல்லை அவள் வாயால் கேட்பதற்காகத்தான் நான் அந்த விளக்கை வாங்கி வைத்திருந்தேன். இன்னும் யாரும் ஏமாறி உள்ளே வரக்கூடாதென்று பிளக்கைக் கழற்றப் போன கை பாதியில் நின்றது.