முள்முருக்கு முளைத்த மயானம்

இன்று காலை ஆட்டுக்குத் தழை வெட்டியவனின் கத்தியிலிருந்து முள்முருக்கின் பச்சை வாசம் வந்ததும், நமுனுகுல மலையடியில் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்து மயானம் கண்முன் நின்றது. மூன்றாம் வகுப்போடு நின்று, பண்டாரவளையில் மாடி வீடும் இரண்டு லொறியும் சம்பாதித்தவன் நான். என்னைப் பெற்றவளுக்கோ கல்லறை கிடையாது. எங்கள் சனம் பாடையின் பச்சை முள்முருக்குக் கொம்பை உருவித் தலைமாட்டில் ஊன்றிவிடும். மழையில் அது துளிர்த்து, பெருத்து, மாசியில் சிவப்பாய்ப் பூத்து, மைனாக்கள் கத்தும் தோப்பாகிவிட்ட அந்த இடத்தில், சின்னப்பிள்ளைக்கும் தன் வீட்டு மரம் எதுவென்று தெரியும். போன வெயிலில் மானாப்புல்லில் பிடித்த தீ தோப்பையே தின்றுவிட்டது. கரிந்த அடிக்கட்டைகள்தான் மிச்சம்.

"பளிங்குக் கல்லு வச்சிருவோம்பா, நம்மகிட்ட இல்லாததா?" என்றான் மகன்.

"கல்லு துளிர்க்குமாடா? லொறிய எடு."

கட்டைகள் மக்கிப்போனால் யார் எங்கே படுத்திருக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. அதற்குள் அம்மாவுக்கு மட்டுமல்ல, ஒவ்வொரு கட்டையின் பக்கத்திலும் புதுக் கொம்பு ஊன்றுவேன். கொம்புகளை ஏற்றும்போதே மகனிடம் சொல்லிவிட்டேன்:

"எனக்கும் இதான். கல்லு வச்சே, எழும்பி வந்து பிடுங்கிருவேன்."